மல்லி கிலோ 4000ன்னா அந்தக் காசு யாருக்குப் போகுது

வருஷா வருஷம் கார்த்திகை கடைசியில ஆரம்பிச்சு தை வரைக்கும் டிவியில அந்த நியூஸ் வந்துரும். மதுரை மல்லி கிலோ 3000, கிலோ 4000, விலை உச்சம், விவசாயிகள் மகிழ்ச்சின்னு கீழ எழுத்து ஓடும். அன்னைக்கு சாயங்காலம் கடைக்கு வர்றவங்க முழம் விலையைக் கேட்டு முகத்தைச் சுளிச்சுக்கிட்டே "உங்க ஊர்க்காரங்களுக்கு நல்ல காசுதானக்கா"ம்பாங்க. முகூர்த்த சீசன்ல நின்னு பதில் சொல்ல நேரம் இருக்காது, அதனால இங்க உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மல்லி கிலோ 4000 விக்கிற அன்னைக்கு செடியில மல்லி இருக்காது. அவ்வளவுதான் விஷயம். மல்லி வெயில் காலத்துச் செடி. கார்த்திகை வாக்குல கவாத்து பண்ணி விடுவாங்க, இடுப்பு உசரத்துக்கு நிக்கிற செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி விட்டா தை, மாசியில தளிர் விட்டு, பங்குனி, சித்திரை, வைகாசியில கொட்டோ கொட்டுன்னு கொட்டும். பனி விழுற மாசத்துல மொட்டு பிடிக்காது, பிடிச்சாலும் சின்னதா சுருங்கிப் போய் நிக்கும். எங்க அப்பா காடு அரை ஏக்கர் சொச்சம். சித்திரையில கூடை கூடையா எடுக்கிற அதே செடியில மார்கழியில கால் கிலோ தேறுனா அன்னைக்கு வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். கால் கிலோவை 4000ல வச்சுப் பாருங்க, 1000 ரூபா. அதுல பறிப்புக் கூலி, வண்டி, கமிஷன் எல்லாம் போகணும். பூ நிறைய வர்ற மாசத்துலயோ கிலோ 200, 300ன்னு நிக்கும், சில நாள் அதுக்கும் கீழ. அப்ப எந்த டிவியும் வராது.

நான் உசிலம்பட்டிப் பக்கம் மல்லிக்காட்டுல வளந்தவ. இப்ப மதுரையில பூக்கடை வச்சிருக்கேன், கூடவே கல்யாண டெக்கரேஷனும் எடுத்துச் செய்றேன். சின்ன வயசுல பூவைக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புற பக்கம் இருந்தேன், இப்ப விடிகாலையில அதே மார்க்கெட்ல நின்னு வாங்குற பக்கம் இருக்கேன். ரெண்டு பக்கமும் நின்னு பார்த்ததுல எனக்கு ஒரு விஷயம் உறுதியாத் தெரியும். பூ மார்க்கெட்ல விலையை முடிவு பண்றது பூவோட அழகோ வாசமோ இல்ல, அந்தப் பூ எத்தனை மணி நேரம் தாங்கும்ங்கிறதுதான். தாங்குற பூ வச்சிருக்கவன் "வேணாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு சொல்லுவான். தாங்காத பூ வச்சிருக்கவனால அப்படிச் சொல்லவே முடியாது.

மல்லியை எடுத்துக்குங்க. நாத்து பெரும்பாலும் ராமேஸ்வரம் போற வழியில இருக்கிற தங்கச்சிமடத்துல இருந்து வரும், அந்த மணல்ல பதியன் போட்டு வேர் பிடிக்க வச்சு கட்டுக் கட்டா கொண்டுவந்து விப்பாங்க. இங்க வந்து எங்க மண்ணுல நட்டா காம்பு நீளமா, இதழ் தடிமனா, வாசம் தூக்கலா வரும், 2013ல புவிசார் குறியீடு கிடைச்சதே அதுக்குத்தான். நட்டு ரெண்டு மூணு வருஷம் ஆகும் நல்லா காய்ப்புக்கு வர (எங்க வீட்டுல பூவுக்கும் காய்ப்புன்னுதான் சொல்லுவோம்). அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேலயும் அந்தச் செடியோட வாழ்க்கைதான். மொட்டுல புழு, மொட்டு ஈ, சிவப்புச் சிலந்தி, இதுகளுக்கு அடிக்கிற மருந்துச் செலவு தனி. மொட்டு ஈ விழுந்துச்சுன்னா வெள்ளையா இருக்க வேண்டிய மொட்டு ஊதாக் கலர்ல வெம்பிப் போயிரும், அதை மார்க்கெட்ல எவனும் கையில தொட மாட்டான்.

பறிக்கிறது தான் கஷ்டம். மல்லியில பறிக்க வேண்டியது மொட்டு, அதுலயும் இன்னைக்கு சாயங்காலம் விரியப் போற மொட்டு. நல்லா வெளுத்து, பருத்து, முனை மூடி இருக்கணும். நாளைக்கு விரியப் போறது கொஞ்சம் பச்சை கலந்து இருக்கும், அதை விட்டுரணும். இருட்டுல தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு செடிக்குச் செடி குனிஞ்சு இந்த ரெண்டையும் பிரிச்சு எடுக்கணும், பழகுன கைக்குத்தான் அது தெரியும். ஒரு கிலோவுக்கு 4000 மொட்டுக்கு மேல நிக்கும். அப்ப ஒரு கிலோவுக்கு 4000 தடவை விரல் போய் வரணும். விடியறதுக்கு முன்னாடி இறங்கி வெயில் ஏறுற வரைக்கும் பறிச்சா ஒரு ஆளு ரெண்டு மூணு கிலோ எடுக்கலாம். எங்க அம்மாவுக்கு இடுப்பு போனது இதுல தான், எங்க ஊர்ல அம்பது வயசு தாண்டின பெரும்பாலான பொம்பளைங்களுக்கு அதே கதைதான்.

இன்னைக்கு விலை இல்ல, பறிக்காம விட்டுருவோம்னு விட முடியுமா? முடியாது. விட்ட மொட்டு அன்னைக்கு ராத்திரி செடியிலயே விரிஞ்சிரும், விரிஞ்ச பூவுக்கு மார்க்கெட் கிடையாது. செடியில கிடந்து காஞ்சு அழுகுனா புழு தங்கும், அடுத்த மொட்டையும் கெடுக்கும். அதனால நஷ்டம்னு தெரிஞ்சே கூலி குடுத்துப் பறிச்சுத்தான் ஆகணும். தேங்காயைக் கூட மரத்துலயோ களத்துலயோ போட்டு வச்சு ஒரு மாசம் பார்க்கலாம், மல்லிக்கு அந்த வழியே கிடையாது.

பறிச்ச பூ ஈரத் துணியிலயோ சாக்குலயோ மூட்டையாகும், பேர் எழுதின சீட்டைச் சொருகி ஊர் முக்குல வந்து நிக்கிற பூ வண்டியில ஏத்திருவாங்க. எங்க ஊர்லயிருந்து யாரும் தினம் மார்க்கெட்டுக்குப் போறதில்ல, போனா பறிக்கிற வேலை யாரு பார்க்கிறது. மூட்டை கமிஷன் கடைக்குப் போகும், அங்க எடை போட்டு, வித்து, கமிஷனைக் கழிச்சு, மழை நாளா இருந்தா ஈரத்துக்குன்னு தனியா எடையில கழிச்சு, துண்டுச் சீட்டுல தொகை எழுதி அதே வண்டியில திருப்பி விடுவாங்க. அப்பா மத்தியானம் சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்து அந்தச் சீட்டைப் பிரிக்கிறப்பதான் காலையில பறிச்ச பூவுக்கு என்ன விலைன்னே அவருக்குத் தெரியும். நட்டவன், தண்ணி பாய்ச்சுனவன், பறிச்சவன் எல்லாருக்கும் கடைசியாத்தான் விலை தெரியும். இதை நான் சின்ன வயசுல இயல்புன்னு நினைச்சிருந்தேன். இப்ப நானே வியாபாரம் பண்றப்ப, என் பொருளை நான் விலை தெரியாம ஒருத்தர்கிட்ட குடுத்து விடுவேனான்னு யோசிச்சா நெஞ்சு அடைக்குது.

சரி, பிடிக்கலைன்னா வேற கடைக்கு மாத்த வேண்டியதுதானன்னு கேப்பீங்க. அங்கதான் அட்வான்ஸ் வருது. கவாத்து முடிஞ்சு உரம் வைக்க, மருந்தடிக்க, வீட்டுல ஒரு காதுகுத்து, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, எதுக்கும் கமிஷன் கடைக்காரர்தான் காசு குடுப்பார். வட்டி கேக்க மாட்டார், பூவை எனக்கே அனுப்புன்னு மட்டும் சொல்லுவார். அவரைக் கெட்டவர்னு நான் சொல்ல வரல. பேங்க் குடுக்காத நேரத்துல ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணாலும் குடுக்கிறவர் அவர், அவருக்கும் சில்லறை வியாபாரிங்க கிட்ட லட்சக்கணக்குல பாக்கி நிக்கும், அதையெல்லாம் அவர் தலையில தான் சுமக்கிறார். ஆனா அந்தக் கடன் இருக்கிற வரைக்கும் "இன்னைக்கு ஏன் 50 ரூபா கம்மி?"ன்னு கேக்குற வாய் எங்க அப்பாவுக்கு இல்ல.

இப்ப மார்க்கெட்டுக்குள்ள வாங்க. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல தான் பூ மார்க்கெட். விடியறதுக்கு முன்னாடி உள்ள போனா முதல்ல மூக்குல ஏறுறது மல்லி இல்ல, மரிக்கொழுந்தும் துளசியும். அதைத் தாண்டிப் போனாத்தான் அரளி மூட்டை, செவ்வந்தி மூட்டை, சம்பங்கி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி. ராத்திரியே லாரியிலயும் பஸ்லயும் வந்து இறங்குனது அதெல்லாம், அரளி சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம், செவ்வந்தி ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம், ரோஸ் ஓசூர், பெங்களூர். மல்லி, முல்லை, பிச்சி இந்த மூணும் சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து, நிலக்கோட்டை, வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டின்னு காலையில வண்டி வண்டியா வரும். வர வர விலை மாறும். முதல் வண்டி வர்றப்ப சொன்ன விலை எட்டு மணிக்கு இருக்காது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள்னா ஏறிக்கிட்டே போகும், முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் அதே பூ பாதிக்கும் கீழ இறங்கும். செடிக்கு முகூர்த்தம் தெரியாது, அது தினம் பூக்குது.

ஒவ்வொரு பூ முன்னாடியும் பேச்சு ஒவ்வொரு மாதிரி இருக்கும், இதை நீங்க ஒரு நாள் நின்னு கவனிச்சா நான் சொல்றது புரியும். மல்லிக் கடையில பேரம் ரெண்டு வார்த்தைதான். "எம்புட்டுண்ணே?" "முந்நூறு." "ரெண்டு கிலோ போடுங்க." வாங்குறவளுக்கும் அவசரம், அவ அதை எடுத்துட்டுப் போய் நாலு பொம்பளைங்களை வச்சுக் கட்டி மத்தியானத்துக்குள்ள முழமாக்கணும், சாயங்காலம் விரியற நேரத்துக்குள்ள வித்துத் தீக்கணும். விக்கிறவருக்கும் அவசரம். பதினோரு மணிக்கு மேல மிஞ்சுனதை என்ன விலைக்குக் கேட்டாலும் தள்ளிவிடுவாங்க. செவ்வந்திக்காரர் அப்படி இல்ல, அவர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பார், மூட்டையை நிழல்ல வச்சா மூணு நாள் தாங்கும்னு அவருக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முன்னாடி வாரம் போனீங்கன்னா அவர்கிட்ட பேரமே பேச முடியாது. கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் அதை விடத் தாங்கும். ஓணம் சமயத்துல நாகர்கோவில் பக்கத்துல இருக்கிற தோவாளை மார்க்கெட்ல இருந்து கேரளாவுக்கு அத்தப்பூ கோலத்துக்கு மூட்டை மூட்டையா போறதுல வாடாமல்லியும் செண்டுமல்லியும் அவ்வளவு இருக்கிறதுக்கு அந்தத் தாங்குற குணமும் ஒரு காரணம்.

இந்த வரிசையில உச்சியில நிக்கிறது கட் ஃப்ளவர். ரோஸ், ஜெர்பரா, கார்னேஷன், காம்போட வெட்டி வர்ற பூ எல்லாம். ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ்ல, அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்துன கூடாரத்துக்குள்ள வளக்கிற ரோஸை மொட்டா இருக்கும்போதே வெட்டி, உடனே தண்ணி பக்கெட்ல வச்சு, காம்பு நீளத்தை வச்சுத் தரம் பிரிச்சு, 20 காம்பு ஒரு கட்டா தலைக்கு அட்டை சுத்தி, கோல்ட் ரூம்ல ஏத்திருவாங்க. ரெண்டு, நாலு டிகிரியில வச்சா நாள் கணக்குல அப்படியே நிக்கும். பிப்ரவரி 14க்கு விக்கணும்னா டிசம்பர்லயே கணக்குப் போட்டுச் செடியை வெட்டி விடுறாங்க, பூ வர்ற தேதியையே அவங்க முடிவு பண்றாங்க. இன்னைக்கு விலை சரியில்லையா, கோல்ட் ரூம் கதவைச் சாத்திட்டுப் போய் நாளைக்குக் கேக்கலாம். எங்க அப்பா வாழ்க்கையில ஒரு நாள் கூட இப்படி ஒரு கதவு கிடைச்சதில்ல. பாலிஹவுஸ் போட ஆகுற செலவும் கரண்டு பில்லும் பெரிய தொகைதான், அவங்களுக்கும் கடன் இருக்கு, சும்மா வரல அந்தப் பலம். ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்.

டெக்கரேஷன் பண்றதால கட் ஃப்ளவர் வாங்குறது பத்திக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், வீட்டு விசேஷத்துக்கு நேர்ல மார்க்கெட்டுக்குப் போய் வாங்குறவங்களுக்கு உதவும். ரோஸ் வாங்கப் போனா கலரைப் பார்த்து மயங்காதீங்க. பூவுக்கு அடியில, பச்சையும் இதழும் சேர்ற இடத்துல ரெண்டு விரலால லேசா அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா புதுசு, பொதுக்குன்னு உள்ள போனா நாளாச்சு. வெளி இதழ் ரெண்டு மூணு கொஞ்சம் பச்சையா, முரடா, ஓரத்துல கறுத்து இருக்கும், அதைப் பார்த்து பழசுன்னு நினைச்சு ஒதுக்கிருவாங்க, உண்மையில அது பூவைப் பாதுகாக்குற இதழ், அது இருந்தா நல்லது. பழைய பூவுல வாடின இதழை உரிச்சு உரிச்சு எடுத்துட்டுப் புதுசு மாதிரி வைப்பாங்க, அதனால அடியில இதழ் உரிச்ச தடம் இருக்கான்னு பாருங்க. காம்பு நுனி பழுப்பா வழவழன்னு இருந்தா வேணாம். பக்கெட் தண்ணியை மோந்து பாருங்க, நாத்தம் அடிச்சா அந்தக் கடையை விட்டு நகந்துருங்க.

ஜெர்பராவுக்கு நடுவுல இருக்கிற வட்டத்தைப் பார்க்கணும். வெளி வளையம் ரெண்டு மூணு மட்டும் விரிஞ்சு மகரந்தம் தெரிஞ்சா சரியான பக்குவம், நடு வட்டம் முழுசும் பொடி பூத்திருந்தா முடிஞ்சு போச்சு. அதை நிறையத் தண்ணியில வைக்கக் கூடாது, நாலு விரக்கடைத் தண்ணி போதும், அந்தக் காம்புல பஞ்சு மாதிரி முடி இருக்கிறதால தண்ணி அதிகமானா அழுகிரும். கார்னேஷனைப் பழம் இருக்கிற ரூம்ல வைக்கவே கூடாது. பழுக்கிற பழத்துல இருந்து வர்ற வாயு பட்டா இதழெல்லாம் உள்பக்கமா சுருண்டு தூங்கிரும், அப்புறம் எழும்பாது. நம்ம கல்யாண மண்டபங்கள்ல ஸ்டோர் ரூம்ல தான் வாழைத்தாரையும் அடுக்குவாங்க, பூவையும் கொண்டு போய் அங்கயே வைப்பாங்க, அதனால மண்டபத்துக்குள்ள போன உடனே நான் முதல்ல கேக்குற கேள்வி "வாழைப்பழம் எங்கண்ணே வச்சிருக்கீங்க?"ங்கிறதுதான்.

இவ்வளவு கட் ஃப்ளவர் வந்த பிறகும் மேடையில மல்லிச் சரம் இல்லாம எங்க ஊர்ப்பக்கம் கல்யாணம் நடக்காது. பொண்ணு ஜடைக்கு மல்லி, சாமிக்கு மல்லி, வாசல்ல சரம். அதே நேரம் பட்ஜெட் பேசும்போது கார்னேஷனுக்கு கேட்ட விலையை மறுபேச்சு இல்லாம குடுக்கிறவங்க மல்லி சரத்துக்கு வந்த உடனே "இதுக்கா இவ்வளவு?"ன்னு கேப்பாங்க. இது எனக்கு உண்மையாவே வலிக்கிற இடம். நீலகிரிப் பக்கத்துலயோ கொடைக்கானல்லயோ பாலிஹவுஸ்ல வந்த பூவுக்கு மதிப்பு இருக்கட்டும், ஒரு கிலோவுக்கு 4000 தடவை குனிஞ்சு எடுத்த பூவுக்கும் அந்த மதிப்பு வேணும்.

ஹாலந்துல ஆல்ஸ்மீர்னு ஒரு ஊர்ல உலகத்துலயே பெரிய பூ ஏலம் நடக்குது, வீடியோ பார்த்திருப்பீங்க. அங்க ஒரு கடிகாரம் மாதிரி போர்டு இருக்கும், விலை மேல இருந்து கீழ இறங்கிக்கிட்டே வரும், யாரு முதல்ல பட்டனை அமுக்குறாங்களோ அவங்களுக்கு அந்தப் பூ. அமுக்கத் தயங்குனா இன்னொருத்தர் தட்டிட்டுப் போயிருவார். அங்கயும் பூ அழுகுற பொருள்தான், அங்கயும் அவசரம்தான். ஆனா அந்த அவசரத்தை வாங்குறவன் தலையில வச்சிருக்காங்க, விலை எல்லார் கண்ணு முன்னாடியும் ஓடுது. பெங்களூர்லயும் கட் ஃப்ளவருக்கு அந்த முறையில ஏல மையம் வச்சாங்க. அவ்வளவு தூரம் போவானேன், நம்ம சத்தியமங்கலத்துல பூ விவசாயிகள் சங்கமே மார்க்கெட்டை நடத்தி மல்லியை ஏலம் விடுது. வியாபாரிங்க எல்லாரும் ஒரே இடத்துல நின்னு கேக்குறாங்க, விவசாயி அங்கயே நின்னு தன் பூ என்ன விலைக்குப் போச்சுன்னு காதால கேக்குறார். ஏலத்துலயும் விலை விழும், வரத்து கூடுனா எங்கயும் விழும்தான். ஆனா விழுறதை நேர்ல பாக்குறதுக்கும் மத்தியானம் துண்டுச் சீட்டுல பாக்குறதுக்கும் நடுவுல ஒரு மனுஷனோட மரியாதை இருக்கு. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தவங்களை நான் மதிக்கிறேன், ஆனா அந்தக் குறியீடு எங்க அப்பா சீட்டுல ஒரு ரூபா கூட்டினதை நான் பார்த்ததில்ல. ஏலம் வந்தா கூட்டும்னு நம்புறேன்.

விலை அதல பாதாளத்துக்குப் போற நாள்ல மல்லியைத் தாங்கிப் பிடிக்கிறது சென்ட் ஃபேக்டரிதான். சத்தியமங்கலம், கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் இருக்கு. மார்க்கெட்ல மிஞ்சுற மல்லியை மொத்தமா எடுத்து விரிய வச்சு அதுல இருந்து வாசனைச் சத்தைப் பிரிச்சு எடுப்பாங்க, அது மெழுகு மாதிரி இருக்கும், வெளிநாட்டு பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்கு ஏத்துமதி ஆகுது. ஒரு கிலோ மெழுகு எடுக்க நூத்துக்கணக்கான கிலோ பூ வேணும். அவங்க குடுக்கிற விலை கம்மி, பறிப்புக் கூலிக்கு மேல கொஞ்சம் மிஞ்சும், சில நாள் அதுவும் மிஞ்சாது. இருந்தாலும் சித்திரை, வைகாசியில அவங்க எடுக்கலைன்னா ரோட்டோரம் கொட்டத்தான் வேணும். இன்னொரு பக்கம் மதுரையில இருந்தும் சென்னையில இருந்தும் கட்டுன மல்லிச் சரத்தைத் தெர்மாகோல் பெட்டியில ஐஸ் வச்சு சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கு ஃப்ளைட்ல அனுப்புறாங்க. காலையில எங்க ஊர்ல பறிச்சது மறுநாள் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கடையில தொங்குது. ஐஸ் பெட்டிக்குள்ள போனா மல்லியும் ஒரு நாள் கூடுதலாத் தாங்குதுன்னு அதுலயே தெரியுது இல்ல? அந்தப் பெட்டியும் ஒரு குளிர் அறையும் காட்டுக்குப் பக்கத்துலயே, ஊருக்கு ஒண்ணுன்னு இருந்தா விலை விழுந்த நாள் பூவை மறுநாள் வரைக்கும் பிடிச்சு வைக்கலாமே. ஒரு நாள் போதும், எங்களுக்கு மூணு நாள் கூட வேணாம்.

2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்ப மல்லி சரியா கொட்டுற நேரம். கோயில் பூட்டியாச்சு, கல்யாணம் நின்னுபோச்சு, மார்க்கெட் மூடியாச்சு, வண்டி இல்ல. செடிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், அது முன்னைய விட நல்லா பூத்துச்சு. ஊரே ராத்திரியில மணத்துக் கிடந்துச்சு. அப்பா பறிச்சு வரப்புல கொட்டுனார், பறிக்காம விட்டா செடி போயிருமேன்னு. நான் போன்ல "கூலி குடுத்துப் பறிச்சுக் கொட்டணுமாப்பா?"ன்னு கேட்டேன். "செடி என்ன தப்பு பண்ணுச்சு தாயி"ன்னார். கொஞ்சப் பேரு அந்த வருஷத்தோட செடியைப் பிடுங்கிட்டு மக்காச்சோளம் போட்டாங்க. அவங்கள்ல திரும்ப மல்லி போட்டவங்க கம்மி, ஏன்னா பறிக்க ஆள் கிடைக்கல, இருட்டுல எந்திரிச்சுப் போய்க் குனிஞ்சு நிக்க இப்ப இருக்கிற பிள்ளைங்க வரமாட்டேங்குது, வரவேணாம்னுதான் நானும் சொல்லுவேன் இந்தக் கூலிக்கு.

ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்கிறதால ஒரு சின்ன முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன். என் கடைக்கும் டெக்கரேஷனுக்கும் வேணுங்கிற மல்லியில ஒரு பங்கை எங்க ஊர்ல அட்வான்ஸ் கடன் இல்லாத சில வீடுகள்ல இருந்து நேரடியா எடுக்கிறேன். சீசனுக்கு ஒரே விலை. பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் மார்க்கெட் 150க்குப் போனாலும் நான் பேசின விலையைக் குடுப்பேன், 600க்குப் போனாலும் அவங்க எனக்கு அதே விலைக்குக் குடுக்கணும். முதல்ல அப்பாவுக்கே நம்பிக்கை இல்ல, "ஏறும்போது ஊர்க்காரன் மனசு கேக்காதும்மா"ன்னார். உண்மைதான், வைகாசி முகூர்த்தத்துல ஒருத்தர் பூவை மார்க்கெட்டுக்கே அனுப்பிட்டார், நான் சண்டை போடல, அவருக்கு அன்னைக்கு அந்தக் காசு தேவை. மத்தவங்க நின்னாங்க. ஆடியில கல்யாணம் இல்லாம விலை இறங்குனப்ப நான் கைக்காசைப் போட்டுப் பேசின விலையையே குடுத்தேன், அது ஊருக்குத் தெரிஞ்சுச்சு, அதுக்கப்புறம் பேச்சு வேற மாதிரி ஆச்சு. இப்ப முதல் நாள் சாயங்காலமே எனக்கு எத்தனை கிலோ வேணும்னு சொல்லிருவேன், காலையில எத்தனை ஆள் இறங்கணும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருது. கமிஷன் கடை அண்ணனுக்கு முதல்ல கோபம், மிச்சப் பூ அவருக்குத்தான் வருதுன்னு புரிஞ்ச பிறகு பேச ஆரம்பிச்சிட்டார்.

இன்னும் முடிவாகாதது பனி மாசத்து விலை. 4000 நியூஸ் வர்ற மாசத்துக்கு என்ன விலை பேசுறது? அப்பா 1500ன்னு சொல்றார், பக்கத்துக் காட்டுப் பெரியப்பா "மார்க்கெட்ல பாதி குடு"ங்கிறார், ஒரு அக்கா அந்த ரெண்டு மாசம் மட்டும் ஒப்பந்தமே வேணாம், எங்களுக்கு வருஷத்துல அது ஒண்ணுதான் நிமிந்து நிக்கிற நேரம்ங்கிறாங்க. அந்த அக்கா சொல்றதுல தான் எனக்கு நியாயம் அதிகமாத் தெரியுது. கவாத்து ஆரம்பிக்கிறதுக்குள்ள எல்லாரும் ஒரு நாள் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுறதா இருக்கோம்.